தீப்பெட்டி ஆபீசுக்கு மெஷின் வந்த கதை

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். "எங்க வேலை பாக்குற?" என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்கள் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று கற்பனை செய்துகொள்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தரையில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆபீஸ்கள் பெரும்பாலும் குடும்பச் சொத்து. அப்பா ஆரம்பித்தது, அண்ணன் தம்பி நடத்துவது, மாப்பிள்ளைக்குப் பிரித்துக் கொடுத்தது. இந்தக் குடும்பங்கள் எப்போது மெஷின் வாங்கின, ஏன் அப்போது வாங்கின என்பது பல வருடமாக என்னைக் குடையும் கேள்வி. இதற்குப் பொதுவாக நம்மிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. முதலில் கை, பிறகு மெஷின், மெஷின் வந்ததும் கைக்கு வேலை போச்சு. தீப்பெட்டி விஷயத்தில் இந்த வரிசையே பொருந்தாது. இங்கே முதலில் வந்தது மெஷின்.

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். உறவுக்காரர்கள். அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பூர்ண சந்திர ராய் என்பவரிடம் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து மெஷின் வரவழைத்து 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். அணில், காக்கா என்று பின்னாளில் தீபாவளிதோறும் நாம் பார்த்த பெயர்களெல்லாம் இந்த இருவரின் வழியில் வந்தவைதான்.

ஆனால் அந்த மெஷின் நிலைக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே கைவேலைக்கு மாறிவிட்டார்கள். ஏன் என்பதற்கு என் கணக்கு இது. மெஷினுக்கு ஒரே அளவான குச்சி வேண்டும், உதிரிபாகம் வேண்டும், மருந்து காய்வதற்குச் சூடான அறை வேண்டும். சிவகாசியில் வெயில் இலவசம். மழை குறைந்த கரிசல் பூமி, வருடத்துக்கு ஒரு வெள்ளாமை, அதுவும் பொய்த்துப்போகும் வெள்ளாமை. மற்ற மாதங்களில் வேலை கேட்டு வரும் கைகளுக்குக் கணக்கே இல்லை. மெஷினுக்குப் போட்ட காசைக் கையில் போட்டால் அதிகப் பெட்டி வந்தது. கணக்குத் தெரிந்த வியாபாரிகள் அதைத்தான் செய்தார்கள்.

அதே 1923-ல் எதிர்த் திசையில் போன ஒரு கம்பெனியும் உண்டு. ஸ்வீடன் தீப்பெட்டி ராஜா ஐவர் குரூகரின் குழுமம் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. சுருக்கமாக விம்கோ. சென்னைக்காரர்கள் திருவொற்றியூரில் விம்கோ நகர் ஸ்டேஷனைக் கடந்திருப்பார்கள். இப்போது மெட்ரோவும் அங்கேதான் போய் நிற்கிறது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை, அசாமில் துப்ரி என்று அதற்குப் பல இடங்களில் ஆலைகள். அங்கே எல்லாமே மெஷின். ஒரு முனையில் குச்சி ஏறும். மெழுகில் நனைந்து, மருந்தில் நனைந்து, சுற்றிச் சுற்றிக் காய்ந்து, மறுமுனையில் பெட்டிக்குள் விழும். குரூகர் 1932-ல் பாரிசில் செத்துப்போனார், அவருடைய சாம்ராஜ்யம் சரிந்தது. விம்கோ பிழைத்துக்கொண்டது.

ஆக, ஒரே நாட்டில் ஒரே பொருளை, உலகத்தின் மிக நவீனமான மெஷினும் சிவகாசிப் பெண்ணின் விரலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்தன. பல பத்தாண்டுகள் நடந்த இந்தப் போட்டியில் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்தது விரல்தான். ஸ்வீடிஷ் மெஷினை ஒரு சின்னப் பெண்ணின் விரல் ஜெயித்தது என்று எழுதும்போது வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி ஜெயித்தது என்று பார்த்தால் அந்த நன்றாக இருப்பது போய்விடும்.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மென்மரத்தைச் சீவி, நறுக்கி, குச்சியாக்குவது முதல் கட்டம். அந்தக் குச்சிகளை வரிப்பள்ளம் உள்ள மரச் சட்டங்களில் ஒவ்வொன்றாக அடுக்கி, சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்க வேண்டும். இதுதான் கட்டை அடுக்குவது. அடுக்கிய கட்டையை மெழுகில் தொட்டு, பிறகு சூடான தகட்டில் பரப்பிய மருந்தில் ஒரே அமுக்காக முக்கி எடுக்க வேண்டும். மருந்து என்றால் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வச்சிரம், கண்ணாடித் தூள். காய்ந்ததும் குச்சியைப் பிரித்துப் பெட்டியில் அடைக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் தடவ வேண்டும். லேபிள் ஒட்டி, டஜன் கட்டி, 600 பெட்டிக்கு ஒரு பண்டல். பெட்டி செய்வது தனி. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் வீடு வீடாகப் போய் ஒட்டப்பட்டு வரும். எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் பசைக் கிண்ணம் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. கூலி எல்லாமே எண்ணிக்கைக்குத்தான். இத்தனை கட்டைக்கு இவ்வளவு, இத்தனை குரோஸுக்கு இவ்வளவு.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை மெஷினுக்குக் கொடுப்பது என்று ஒரு குடும்பம் எப்படி முடிவெடுக்கும்? எது மெதுவாக நடக்கிறதோ அது, அல்லது எது ஆபத்தோ அது என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. முடிவெடுத்தது எக்சைஸ் சட்டம்.

தீப்பெட்டிக்கு 1934-ல் வெள்ளைக்கார அரசு எக்சைஸ் வரி போட்டது. பெட்டியைச் சுற்றி ஒட்டும் பேண்ட்ரோல் வரிச் சீட்டு அப்படி வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு ஆபீஸ்களை உற்பத்தி அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று வகை பிரித்தார்கள். சின்ன ஆபீசுக்குக் குறைந்த வரி. இதற்குப் பின்னால் இருந்தது காந்திய எண்ணம். சோதேபூர் காதி பிரதிஷ்டானின் சதீஷ் சந்திர தாஸ்குப்தா குடிசைத் தொழிலாகத் தீப்பெட்டி செய்யமுடியும் என்று செய்தே காட்டியவர். விம்கோ மாதிரி ராட்சசனுக்கு எதிரே ஒரு குடிசை நிற்க வேண்டுமென்றால் வரியில் ஒரு கை கொடுக்கத்தான் வேண்டும். அந்த எண்ணத்தில் நான் குறை காணமாட்டேன்.

ஆனால் சலுகை எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். 1967-ல், வருடத்துக்கு 75 மில்லியன் குச்சிக்குள் நிற்கும் ஆபீசுக்கு வரி குறைவு என்று ஒரு ஏற்பாடு வந்தது. ஏழரைக் கோடி குச்சி. ஒரு குடும்பம் அதைத் தாண்டினால் என்ன செய்யும்? உற்பத்தியைக் குறைக்காது. ஆபீசைப் பிரிக்கும். மூத்தவன் பேரில் ஒன்று, சம்சாரம் பேரில் ஒன்று. பெரியவர்கள் சின்னவர் வேஷம் கட்டுகிறார்கள் என்று அரசு அந்தச் சலுகையைச் சீக்கிரமே சுருக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-ல் மூர்த்தி மேட்ச் வொர்க்ஸ் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். மெஷின் வைத்திருப்பவர், கையால் செய்பவர் என்று இரண்டாகப் பிரித்தது போதும், கைக்காரர்களுக்குள் பெரியவர் சின்னவர் என்று மேலும் பிரிக்காமல் விட்டது அரசியல் சட்ட விரோதம் இல்லை என்று அது முடிந்தது.

பாகப்பிரிவினை நம்மூரில் சண்டையில்தான் நடக்கும். இங்கே லாபக் கணக்கில் நடந்தது. அதற்கு ஒரு விலை இருந்தது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெரிய மெஷின் வாங்கப் பெரிய மூலதனம் வேண்டும். பிரிந்து நிற்கும் குடும்பத்தில் யார் கையிலும் அது இருக்காது. காகிதத்தில் பிரித்தது காலப்போக்கில் நிஜமாகவே பிரிந்துபோகும். அண்ணன் மகனும் தம்பி மகனும் ஒரே கல்லாவில் உட்கார மாட்டார்கள்.

இதே குடும்பங்களுக்கு மெஷின் என்றால் பயமா? கிடையவே கிடையாது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத்தொழிலுக்குள் நுழைந்தவர்கள், லித்தோவிலிருந்து ஆப்செட்டுக்கு இந்தியாவின் பெரிய நகரங்களோடு போட்டி போட்டு ஓடினார்கள். ஹைடல்பெர்க் என்ற ஜெர்மன் பெயர் சிவகாசியில் சாமி பேர் மாதிரி புழங்கும். லேபிள் அச்சடிக்க நாலு கலர் ஜெர்மன் மெஷின், அந்த லேபிளை ஒட்ட ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரே தெரு, சில சமயம் ஒரே முதலாளி. தொழில்நுட்ப அறிவு இல்லாததால் கைவேலை நீடித்தது என்று யாராவது சொன்னால் இந்தத் தெருவைத்தான் காட்டவேண்டும். அச்சில் பிள்ளையின் விரலால் நாலு கலரைப் பொருத்த முடியாது. தீப்பெட்டியில் பிள்ளையின் விரலே போதுமாக இருந்தது.

பின்னாள் எக்சைஸ் அறிவிக்கைகளில் ஒரு பட்டியல் வரும். கட்டை அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பேக்கிங். இந்த ஐந்தில் எதற்கும் மின்சக்தியைப் பயன்படுத்தாவிட்டால் அது கைத் தீப்பெட்டி, சலுகை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றைப் பாருங்கள். மரம் சீவுவது இல்லை, குச்சி நறுக்குவது இல்லை, பெட்டி செய்வது இல்லை. மோட்டார் முதலில் எங்கே வந்தது என்று சொல்லவே வேண்டாம். குச்சி நறுக்குவதற்கு வந்தது. அப்புறம் மரச் சக்கைப் பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்தது, அதை மடித்து ஒட்ட மெஷின் வந்தது. திண்ணையில் பெட்டி ஒட்டிய பெண்களுக்கு வேலை போனது. வீட்டிலிருந்தபடி, அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

பட்டியலில் இருந்த இரண்டாவது வேலையை மறுபடி படியுங்கள். மருந்து முக்குவது. ஆபீசில் மிக ஆபத்தான இடம் அதுதான். சூடான தகடு, குளோரேட் மருந்து, புகை, ஒரு பொறி பட்டால் கட்டையோடு பற்றிக்கொள்ளும். மனிதக் கையை முதலில் எடுக்கவேண்டிய இடத்தில் கையை வைத்திருந்தால்தான் வரிச் சலுகை. குடிசைத் தொழிலைக் காப்பாற்ற எழுதிய வரி, முக்குபவரின் கையை மருந்துக்குள்ளேயே வைத்திருந்தது. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் 'கை' என்று எழுதியபோது அது யாருடைய கை என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

யாருடைய கை என்பது ஊருக்கே தெரியும். விடியும் முன்பே ஆபீஸ் பஸ் கிராமங்களைச் சுற்றிவரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் பேரில் நிற்கும். 1980-களில் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த எண் 45,000 குழந்தைகள், தீப்பெட்டியும் பட்டாசும் சேர்த்து. சலம் பென்னுர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-ல் வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு புகழ்ந்ததாகச் சிவகாசிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். படத்தின் தலைப்பில் அந்தப் பெருமை வேறு மாதிரி ஒலித்தது. பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படமும் இந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

பக்கத்து விருதுநகரில் மகமை என்று வியாபாரிகள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி, அதில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சத்திரிய வித்யாசாலா 1889-லேயே வந்துவிட்டது. அங்கே படித்த காமராசர் பாதியில் நின்று மாமா கடைக்கு வேலைக்குப் போனவர்; முதல்வரானதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவு போட்டவர். அப்படிப்பட்ட மாவட்டத்தில்தான் அந்த பஸ் ஓடியது. 'மெஷின் வந்தால் இத்தனை ஏழைகளின் வயிற்றில் அடித்தமாதிரி ஆகும்' என்று முதலாளிகள் சொன்னபோது அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991-ல் வெளியிட்ட நூலில் சிவகாசியை ஓர் உதாரணமாக எடுத்துப் பேசினார். வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வதை அவர் ஏற்கவில்லை, கட்டாயக் கல்வியை அரசு கொண்டுவராததைச் சுட்டிக்காட்டினார். எனக்கு அது சரி என்றே படுகிறது. பிள்ளையின் கை கிடைக்கும்வரை எந்தக் குடும்பமும் மெஷின் விலை விசாரிக்காது.

1986-ல் குழந்தை உழைப்புச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபீஸ் வாசலில் 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' போர்டு ஏறியது. போர்டு ஏறிய அன்றே எல்லாம் மாறவில்லை. ஆனால் சத்துணவு, இலவச பஸ் பாஸ், சைக்கிள், பிறகு நூறு நாள் வேலை, பெண்களைக் கூட்டிப்போக வந்த பஞ்சாலை வேன்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2000-களின் நடுவில் கட்டை அடுக்க ஆள் கிடைக்காத ஒரு நாள் வந்துவிட்டது. அப்போதுதான் மெஷின் பேச்சு எழுந்தது.

சாத்தூர் பக்கம் ஓர் அண்ணாச்சி. மூன்றாவது தலைமுறை. அவர் மெஷின் வாங்கிய கதையைக் கேட்கப் போயிருந்தேன். முதலில் கடுங்காப்பி வந்தது, பிறகு கணக்கு நோட்டு வந்தது.

"மெஷின் வாங்குறது பெரிய காரியம் இல்ல தம்பி. எங்க அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினதுதான் பெரிய காரியம்" என்றார்.

அப்பா காலத்தில் மூன்றாகப் பிரிந்த ஆபீஸ். தனியாக வாங்க முடியாது. வாங்கினாலும் அது ஒரு ஷிப்டில் கக்கும் குச்சியை ஒரு ஆபீஸ் விற்கமுடியாது. அண்ணனோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லை. மதினிதான் நடுவில் நின்று சேர்த்துவைத்திருக்கிறார். யார் இடத்தில் மெஷின் நிற்பது, எந்த லேபிளில் சரக்கு போவது, கடன் பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று ஒரு வருடம் போயிருக்கிறது. மெஷின் பொருத்த ஆன நாளைவிட இதற்கு ஆன நாள் அதிகம். மூன்றில் ஒருவர் கடைசிவரை சேரவில்லை. பாகத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்.

திட்டம் என்று அவர் போட்டதை நோட்டில் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மெஷின் விலை, வட்டி, கரண்டு. எதிர்ப்பக்கத்தில் கூலி. நடுவில் தனியாகக் கட்டம் கட்டி, வரி. கைத் தீப்பெட்டி என்ற சலுகை போனால் பண்டலுக்கு எவ்வளவு கூடும் என்று பென்சிலில் அடித்து அடித்து எழுதியிருந்தார். அந்தக் கட்டம்தான் அவரைப் பல வருடம் நிறுத்திவைத்திருந்தது. உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் மெஷினைப் பார்த்துப் பார்த்தே செய்யப் பழகியபிறகு விலை இறங்கியது, அதனால் துணிந்தார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18. "தலையில கை வச்சு உக்காந்துட்டேன்" என்றார். பிறகு 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. கைக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்த வரிச் சுவர், கேட்க ஆள் இல்லாத ஒரு காலையில் விழுந்தது. அவருக்கு அது விடுதலை. அவர் ஆபீசிலிருந்து நாலு தெரு தள்ளி, கையால் மட்டும் செய்துவந்த சின்ன ஆபீஸ்காரருக்கு அது கடைசி அடி. அந்த ஷெட்டில் இப்போது கோழித்தீவனம் அடுக்கியிருக்கிறார்கள்.

தீப்பெட்டி விலைதான் விசித்திரம். 2007-ல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாயானது, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. நடுவில் பதினாலு வருடம் டீயிலிருந்து வெங்காயம்வரை எல்லாம் ஏறியது. சில்லறை நாணயத்தில் விற்கும் பொருளுக்கு நடுவிலை கிடையாது. அந்தப் பதினாலு வருடத்தைச் சமாளிக்க ஒரே வழி குச்சிக்கு ஆகும் செலவைக் குறைப்பது. அதற்கும் மெஷின்தான் கைகொடுத்தது. அப்புறம் பத்து ரூபாய் லைட்டர் வந்தது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை 2023-ல் தடைசெய்தபோது கோவில்பட்டியில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "கடலை மிட்டாய்தான?" என்று சிரித்தார்.

மெஷின் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். மருந்துத் தொட்டியின் பக்கத்தில் ஆள் இல்லை. குச்சி தலைகீழாகத் தொங்கிப் போய் நனைந்து, மேலே ஏறித் திரும்பி வந்தது. காவலுக்கு இரண்டு பெண்கள். அதில் மூத்தவர் இதே ஆபீசில் எட்டு வயதில் கட்டை அடுக்க வந்தவராம். மெஷின் நின்றால் எந்த இடத்தில் குச்சி மாட்டியிருக்கும் என்று பிட்டருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்றார் அண்ணாச்சி. "அக்கா, கட்டை அடுக்குறது நல்லா இருந்துச்சா, இது நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"அது உக்காந்து செய்யுறது, இது நின்னு செய்யுறது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாப்பது பேர் இருந்தோம், பேசிக்கிட்டே செய்வோம். இப்ப சத்தத்துல பேச முடியாது" என்றார். மகள் என்ன செய்கிறாள் என்றேன். நர்சிங் மூன்றாம் வருடம், மதுரையில். அதைச் சொல்லும்போது மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

அந்த நாற்பது பேரில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நோட்டில் இல்லை. சிலர் பஞ்சாலை, சிலர் பட்டாசு ஆபீஸ், சிலர் வீட்டில். பட்டாசுக்குப் போனவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் மெஷின் எடுத்துக்கொண்ட ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து அங்கே இன்னும் கையில்தான் இருக்கிறது.

ஷெட்டின் கடைசியில் ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து டஜன் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பட்டியலில் ஐந்தாவது வேலை, பேக்கிங். அதற்கும் மெஷின் விலை கேட்டிருக்கிறாராம். அண்ணன் இன்னும் சரி சொல்லவில்லை.